பேசுவது யார் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்லூரி விழாக்களில் மாணவர்கள் ஹெவி மெட்டல் (மின்கிட்டார் அதிரும் முரட்டு ராக் இசை) வாசித்தால், ‘போர்வெறிப் பாட்டு, சாத்தான் பாட்டு’ என்று உடனே பெயர் வைத்துவிடுகிறார்கள். தொல்காப்பியத்தைக் கேட்டு ஏற்ற அதங்கோட்டாசான் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் மாவட்டம் இது. போர்ப்பாட்டு எந்தத் திணை, பேசுவது யார் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நமக்கு அழகல்ல.

பிளாக் சாபத் குழுவின் ‘வார் பிக்ஸ்’ 1970-இல், வியட்நாம் போர் நடந்த காலத்தில் வந்தது. விமானத் தாக்குதலுக்கு ஊதும் சங்கோடு தொடங்கும். முதல் வரிகளில் படைத்தளபதிகளைச் சூனியக்காரிகளுக்கு ஒப்பிடுகிறார்கள். அந்த உவமையை மட்டும் பிடித்துக்கொண்டால் சூனியப் பாட்டாகத்தான் தெரியும். கடைசிப் பத்திவரை போங்கள்: ஏழைகளைச் சதுரங்கக் காயாக நகர்த்தியவர்கள் மண்டியிட்டு இரக்கம் கேட்கிறார்கள், சாத்தான் சிரிக்கிறான். நம் ஆலயங்களில் பிரசங்கிக்கும் நியாயத்தீர்ப்பு நாள்தான் அது.

அயர்ன் மெய்டன் குழுவின் ‘தி ட்ரூப்பர்’ (1983), 1854-இல் பாலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த ஆங்கிலக் குதிரைப்படையைப் பற்றியது. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் வெளியே நின்று பாடிய நிகழ்ச்சியை இந்தப் பாட்டு ‘நான்’ என்று சொல்லும் ஒரு வீரனின் வாயில் வைக்கிறது. கிட்டாரில் ஒரு நெடில், இரண்டு குறில்: ‘தா தக, தா தக’ என்று குளம்படி ஓடிக்கொண்டே இருக்கும். தாளம் தும்பை, போர்க்களத்தின் திணை. சொல்லோ காஞ்சி, நிலையாமையின் திணை: குதிரை சுடப்பட்டு விழ, அவன் யாருமற்றுச் சாகிறான். பாடகர் மேடையில் பிரிட்டிஷ் கொடியை வீசுவதைப் பார்த்து வெற்றிப்பாட்டு என்று எண்ணுபவர்கள் இந்தச் சாவைத் தவறவிடுகிறார்கள்.

மெட்டாலிகா குழுவின் ‘ஒன்’ (1988) இன்னும் கடினம். கை, கால், கண், காது, வாய் எல்லாம் போய், உடம்புக்குள்ளேயே சிறைப்பட்ட சிப்பாய் பேசுகிறான். டால்டன் ட்ரம்போவின் 1939 நாவல்தான் மூலம். நாவலில் பீரங்கிக் குண்டு, பாட்டில் கண்ணிவெடி. பின்பாதியில் இரட்டை பேஸ் டிரம் ஆறாறு அடியாக இயந்திரத் துப்பாக்கிபோல் வெடிக்கும். கூட்டம் துள்ளும் அந்த இடத்தில்தான் அவன் ‘இருள் என்னைச் சிறைவைக்கிறது’ என்று கதறுகிறான்.

காதால் கேட்டதை நம்பாதீர்கள். உறுமலிலும் கிட்டார் இரைச்சலிலும் பாதிச் சொல் மாறிக் கேட்கும். குறுந்தகட்டோடு வரும் பாடல் ஏட்டை எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ‘கூற்று யாருடையது’ என்று எழுதுங்கள். அயர்ன் மெய்டனின் ‘ரன் டு தி ஹில்ஸ்’ (1982) முதலில் அமெரிக்கப் பூர்வகுடியின் கூற்று, அடுத்தது அவர்களைத் துரத்தும் வெள்ளையரின் கூற்று. அந்த மாற்றத்தைத் தவறவிட்டால், கொலையைச் சொல்லும் வரிகள் பாடகரின் சொந்த வாக்காகிவிடும். பல்லவியை மட்டும் மொழிபெயர்த்துச் சுற்றுக்கு விடுகிறவர்கள் செய்யும் பிழையும் இதுவே.

வெற்றியைப் பாடும் நேரடி வாகைப் பாட்டுகளும் உண்டு. 1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்தைப் பாடும் சபாட்டன் குழுவின் ‘பிரிமோ விக்டோரியா’ அப்படித்தான். அதில் என்ன குற்றம்? பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுவதைப் பாடும் கலிங்கத்துப்பரணியை நாம் பாடமாக வைத்திருக்கிறோமே.

மாணவர்களைப் பழக்க நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. குளச்சலில், திருவிதாங்கூர் டச்சுக்காரரை வென்ற 1741 போரின் வெற்றித் தூண் நிற்கிறது. அதே போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்பு வென்றவரின் படையையே பயிற்றுவித்த டச்சுத் தளபதி டி லனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பேசுவது யார் என்று எழுதச் சொல்லிவிட்டு, தமிழ்த்துறையினர் அடுத்த வகுப்பில் ‘ஒன்’ பாட்டை எடுக்கலாம்.

ஒரு வாசகர்,
தக்கலை.