பாடசாலை வேன்களும் டீசல் புகை வடிகட்டியும்: விற்கும்போதே சொல்லக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகன இறக்குமதிக்கு இருந்த தடை 2025 பெப்ரவரியில் தளர்த்தப்பட்டதைத் தொடர்ந்து, ஜப்பானில் ஓடிய டீசல் வேன்களை மீண்டும் விசாரிக்கத் தொடங்கியிருக்கும் பாடசாலை வேன்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். தடைக்கு முன்னரே அப்படியொரு வேனை லீசிங்கில் வாங்கி, விற்றவர் வாய்திறந்து சொல்லாத ஒன்றைக் கராஜ் பில்களிலிருந்து கற்றுக்கொண்டவன் நான்.

அந்த ஒன்று, சைலன்சருக்கு முன்னால் பொருத்தப்பட்டிருக்கும் டி.பி.எஃப். எனப்படும், டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் துகள் வடிகட்டி. தேன்கூடு போன்ற அதன் பீங்கான் கண்ணறைகளில் படியும் கரியை வாகனம் அவ்வப்போது தானாகவே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூடும், நிற்காமல் பதினைந்து இருபது நிமிட ஓட்டமும் வேண்டும். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை நின்று பிள்ளைகளை ஏற்றி, காலி வீதியில் பம்பலப்பிட்டி வரை ஊர்ந்துபோய், பாடசாலை வாசலில் என்ஜினை நிறுத்திவிடும் வேனுக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? எரியத் தொடங்குவதும் பாதியில் அணைவதுமாகவே நாட்கள் கழிகின்றன. எரிப்பதற்கென்று மேலதிகமாகப் பீச்சப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஒயிலோடு கலக்கிறது.

என் வேனில் முதலில் தெரிந்த அறிகுறியும் அதுதான். ஒயில் மாற்றி இரண்டு மாதம் கழித்து டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபோது, ஒயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. ஒயில் குடிக்காத நல்ல என்ஜின் என்று வீட்டில் பெருமை வேறு பேசினேன். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்த மெக்கானிக், "இதில பாதி டீசல் அண்ணே" என்றார். நீர்த்துப்போன ஒயிலோடு ஓடினால் டர்போவின் பெயாரிங் தேய்ந்துவிடும் என்பதால், அன்று முதல் அரைவாசித் தூரத்திலேயே ஒயிலை மாற்றி வருகிறேன். லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர் ஓடிய வேன் எட்டுக்கு இறங்கிவிட்டது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்த கூலி மட்டும் ஒரு மாத லீசிங் தவணையை விஞ்சியது. கரியை எரிக்கலாம், ஒயிலிலிருந்து வரும் சாம்பலை எந்தச் சூட்டாலும் எரிக்க முடியாது என்பதால், சாம்பல் குறைந்த விசேட ஒயிலையே ஊற்ற வேண்டியிருக்கிறது. கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் வடிகட்டிக்கு நல்லது என்பதும் உண்மை, ஆனால் அதற்கும் ஓட்டோ டீசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பெற்றோரிடம் எப்படிக் கேட்பது?

இத்தனைக்கும் மாற்றாகப் பல கராஜ்களில் சொல்லப்படுவது, வடிகட்டியின் உள்ளிருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு, வெறும் கூட்டை வெல்டிங் செய்து திரும்பப் பூட்டுவது. செலவு குறைவு, டாஷ்போர்டின் எச்சரிக்கை விளக்கும் எரியாதபடி வேனின் கணினியில் மாற்றித் தருவார்கள். நானும் ஒருநாள் அதற்கு ஏறக்குறைய சம்மதித்துவிட்டேன். வடிகட்டி வேலை செய்யும் வேனின் புகைக்குழாய்க்குள் விரலை விட்டால் கரி அவ்வளவாக ஒட்டாது. அதே கராஜில் நின்ற, உடைத்துக் கொட்டிய வேனின் குழாய்க்குள் விட்ட விரல் மையில் தோய்த்ததுபோல் வந்தது. பாடசாலை வாசலில் வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் இறங்கி நடப்பது அந்தக் குழாயைக் கடந்துதான். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகிறேன். வடிகட்டி உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறைகூட எவரும் குனிந்து பார்த்ததில்லை. பிரித்தானியாவில் வடிகட்டி அகற்றப்பட்டிருந்தால் 2014 முதல் வருடாந்தப் பரிசோதனையில் வாகனம் தேறாது. நெதர்லாந்தில் 2023 முதல் புகையிலுள்ள துகள்களை எண்ணியே பார்க்கிறார்கள்.

இப்போது நான் செய்வது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலையில் வெறும் வேனை எடுத்துக்கொண்டு பேலியகொடையில் ஏறி, அதிவேக வீதியில் கட்டுநாயக்க வரை ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டுத் திரும்புவது. விமான நிலையத்தில் யாரை இறக்கப் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்பார். கரியை இறக்கப் போகிறேன் என்பேன். அதற்கான டீசலும் அதிவேக வீதிக் கட்டணமும் மாதக் கணக்கில் இன்னொரு செலவு.

இந்த வடிகட்டி உள்ள வாகனத்தை விற்பவர், அது இருப்பதையும், எந்த ஒயில் ஊற்ற வேண்டும் என்பதையும், குறுந்தூர ஓட்டத்துக்கு அது ஒத்துவராது என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்ட அதிகாரிகள் விதிக்க வேண்டும். என் வேனோடு வந்த கைநூல் முழுவதும் ஜப்பானிய மொழியில் இருந்தது. அந்த ஒரு பக்கம் அன்று கையில் கிடைத்திருந்தால், நான் பெற்றோல் வேனொன்றைத் தேடிப் போயிருப்பேன்.

இங்ஙனம்,
பாடசாலை வேன் உரிமையாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.