அந்த எருக்கஞ்செடியை விட்டுவை

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். மருமகனுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. சுண்டல் வாத்தியாரைத் தெப்பக்குளத்துப் பக்கம் பார்த்தேன். முதலில் உன்னைத்தான் விசாரித்தார், பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தை பொக்லைன் வைத்து வழித்துவிட்டு, வண்ணத்துப்பூச்சிக்காகப் பூந்தோட்டம் போடப் போகிறாய் என்று வசந்தா சொன்னாள். இட்லிப்பூவுக்கு நர்சரியில் முன்பணமும் கொடுத்தாயிற்றாமே! கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அடியே, அவை குடியிருப்பதே அந்தப் புதரில்தான்.

தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் வரும், குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிடுவது வேறு கதை. பெண் பூச்சி இலைமேல் இறங்கி முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். அதற்கு ருசி தெரிவது காலில். தன் புழு தின்னும் இலை என்று தெரிந்தால்தான் முட்டை வைக்கும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு உன் வேலியோரத்து எருக்கு வேண்டும். அந்தப் பாலில் உள்ள நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்கிறது; சிறகு முளைத்த பிறகும் அதுதான் அதற்குக் காவல். ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை அதைத் தேடிப் போகாது.

சிவப்புடல் அழகி என்ற இன்னொரு பூச்சிக்கு ஆடுதின்னாப்பாளைச் செடி. ஆடுகூடக் கடிக்காத கசப்பு, அதனால் இதற்கும் அதே நஞ்சுக் காவல். உன் கறிவேப்பிலை மரத்தில் முட்டையிட வரும் கறிவேப்பிலை அழகி இருக்கிறதே, அதன் பெண்களில் சில இந்தச் சிவப்புடல் அழகியைப் போலவே வேடம் போட்டுப் பறவைகளை ஏய்த்துப் பிழைக்கின்றன. ஆடுதின்னாப்பாளையைப் பிடுங்கி எறிந்தால் சிவப்புடல் அழகி போய்விடும். அசலைக் கண்டு பயந்த பறவை ஊரில் இல்லாவிட்டால் வேடத்தை யார் நம்புவார்கள்? இதை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

உன் பேரன் தமிழ் மறவன் வேண்டும் என்று அடம்பிடிக்கிறானாம். 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்களே, அது. அதன் புழுவுக்கு நீரடிமுத்து மரத்தின் இலை வேண்டும், அதனால் அதன் இருப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலை. எத்தனை பூ வைத்தாலும் அழகர்கோவில் சாலைக்கு அது குடிவராது என்று அவனிடம் பக்குவமாகச் சொல்.

நான் இவ்வளவு பதறக் காரணம் எங்கள் கண்மாய்க்கரை. நடைபாதை போடுகிறோம் என்று எருக்கு, ஆமணக்கு, கொன்றைக் கன்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்தார்கள். கேட்டதற்கு "களைதானே அம்மா" என்றார்கள். இப்போது கம்பி வேலிக்குள் காகிதப்பூ பூத்துக் குலுங்குகிறது. மழை முடிந்த காலையில் கொன்றையைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாகப் பறந்தவற்றில் ஒன்றைக்கூடக் காணோம். பூ அழகாக இருக்கிறது என்று நடக்க வருபவர்கள் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

இட்லிப்பூவை முன்வாசலில் வை, நானும் ரசிக்கிறேன். பின்பக்கம் வேலியோரத்தை மட்டும் தொடாதே. துவைக்கிற கல்லைச் சுற்றி சிமெண்ட்டும் பூசாதே. அந்த ஈரமண்ணில் உப்பு உறிஞ்சத்தான் ஆண் பூச்சிகள் கூட்டமாக உட்காரும். பொக்லைன்காரர் என்றைக்கு வருகிறார் என்று உடனே எழுது. முதல் நாளே பஸ் ஏறி வந்து, எந்தச் செடியை விட வேண்டும் என்று துணி கட்டி அடையாளம் வைத்துவிடுகிறேன். வத்தக்குழம்பு வை.

உன்
செல்வி