பால்பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்: சென்னைப் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே, தாத்தா பாட்டிகளே,

வணக்கம். பெரம்பூரில் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர் எழுதுகிறேன். ஒரே வீட்டில் பாட்டிக்குப் பல்செட்டும் அம்மாவுக்கு ரூட் கேனாலும் பேரனுக்குச் சொத்தையும் பார்க்கிற குடும்ப மருத்துவர் நான். உங்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும், பெரும்பாலானவர்களைத் தெரியாது. ஆனால் நீங்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் நன்றாகத் தெரியும். "பால்பல்தானே டாக்டர், எப்படியும் விழத்தானே போகுது?" இந்த நினைப்பால் குழந்தைகள் படும் அவஸ்தையைப் பார்த்துப் பார்த்து மனசு தாங்காமல்தான் இந்த மடல்.

விழும்தான். ஆனால் எப்போது விழும் என்று யாரும் கேட்பதில்லை. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். பின்னால் இருக்கும் கடைவாய்ப் பால்பற்கள் பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. நாலு வயதுக் குழந்தையின் கடைவாயில் சொத்தை விழுந்தால், அந்தப் பல்லோடு அது இன்னும் ஆறேழு வருஷம் இட்லியும் சப்பாத்தியும் சாப்பிட்டாக வேண்டும்.

பால்பல்லின் மேல்பூச்சான எனாமல் மெல்லியது. நிலையான பல்லில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். உள்ளே நரம்பு இருக்கும் கூடோ பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால் பெரியவர்களுக்கு வருஷக்கணக்கில் மெல்ல இறங்கும் சொத்தை குழந்தைக்குச் சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும். போன தீபாவளிக்குச் சின்னக் கரும்புள்ளியாக இருந்தது, இந்தத் தமிழ்ப் புத்தாண்டுக்குள் ராத்திரியில் அழ வைக்கும் வலியாகியிருக்கும்.

இன்னொன்று. பால்பல் வெறுமனே மெல்லுவதற்கு மட்டும் இல்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிலையான பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. சொத்தையால் அதைச் சீக்கிரமே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். அப்புறம் வரவேண்டிய பல் இடம் இல்லாமல் கோணலாக வரும், சில சமயம் வெளியே வரவே முடியாமல் மாட்டிக்கொள்ளும். பன்னிரண்டு வயதில் "கிளிப் போடணுமா டாக்டர்?" என்று கேட்டு வரும் பிள்ளைகளில் சிலருக்கு, அந்தச் செலவு ஐந்து வயதிலேயே எழுதி வைக்கப்பட்டதுதான்.

குழந்தைகள் "பல் வலிக்குது" என்று சொல்லிவிடுவார்கள் என்று மட்டும் நம்பாதீர்கள். பல குழந்தைகள் சொல்வதே இல்லை. அந்த வலியோடே வளர்ந்ததால், சாப்பிடுவதென்றாலே அப்படித்தான் என்று இருந்துவிடுவார்கள். ஆனால் கவனித்துப் பார்த்தால் தெரியும். ஒரே பக்கமாக மெல்லுவார்கள். சோற்றைக் கன்னத்தில் அதக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். தோசையின் மொறுமொறு ஓரத்தைப் பிய்த்து ஒதுக்கிவிட்டு நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியை மட்டும் தின்பார்கள். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தலையைச் சாய்ப்பார்கள். "சாப்பிடவே மாட்டேங்கறான், பசிக்கு டானிக் எழுதிக் கொடுங்க" என்று குழந்தை டாக்டரிடம் ஓடுவதற்கு முன்னால், வாயைத் திறக்கச் சொல்லி ஒருமுறை உள்ளே பாருங்கள்.

இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் அடுத்துச் சொல்வதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆறு வயது வாக்கில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கும். இவை முளைக்க எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பல் விழுந்தால்தான் புதுப்பல் வரும் என்று நினைத்திருக்கிற நாம் இதையும் பால்பல் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வருவார். கீழ்க் கடைவாயில் பாதிப் பல் கரைந்து, உள்ளே கறுத்த குழிதான் மிச்சம். "பால்பல்தானே டாக்டர், பிடுங்கிடுங்க, புதுசு வந்துரும்" என்பார். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டுவேன். பக்கத்துப் பால்பல்லின் வேருக்கு அடியில் இன்னொரு பல் மொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். சொத்தையான இந்தப் பல்லுக்கு அடியில் தாடை எலும்பு மட்டும்தான் இருக்கும், வேறொன்றும் இருக்காது. "இதுதாம்மா அவனோட கடைசிவரைக்குமான பல். இது போனா வேற வராது" என்று சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் மாறுகிறதே, அதை இனி எந்த அம்மாவின் முகத்திலும் நான் பார்க்கக் கூடாது.

ஆகவே குழந்தைக்கு ஆறு வயது ஆனதும், வலி இருக்கிறதோ இல்லையோ, ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பல்லின் மேல்புறத்தில் பிரஷ் நார் நுழையாத அளவுக்கு ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கும். அவற்றைச் சீலன்ட் என்னும் பூச்சால் அடைத்துவிடலாம். ஊசி கிடையாது, குடைவது கிடையாது, சில நிமிஷ வேலை.

இப்போது வீட்டுக்குள் வருவோம். ராத்திரி பாட்டிலைப் பற்றிப் பேசாமல் முடியாது. குழந்தை பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுகிறது, அதில் சர்க்கரையோ, டப்பாவில் வரும் பவுடரோ கலந்திருக்கிறது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். எச்சில்தான் பல்லுக்கு இயற்கையாக இருக்கும் முக்கியமான காவல். அதுவும் இல்லாத நேரத்தில் மேல் முன்பற்களைச் சுற்றி இனிப்புப் பால் மணிக்கணக்கில் தேங்குகிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிக்கும். மேல் முன்பற்கள் நாலும் பழுப்பாகி, உதிர்ந்து, ஈறோரம் கறுத்த முனைகள் மட்டும் நிற்கும் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பாட்டில்தான் ஞாபகத்துக்கு வரும். முதல் பிறந்தநாள் தாண்டியதும் பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றுங்கள். ராத்திரிப் பால் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கொடுத்த பிறகு பல்லைத் தேய்த்துவிட்டுத் தூங்க வையுங்கள். அதற்கப்புறம் தண்ணீர் மட்டும்தான். இருமலுக்குக் கொடுக்கும் இனிப்பு சிரப்புக்கும் இதே விதிதான்.

இனிப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நடக்காது. ஆனால் எவ்வளவு தின்கிறது என்பதைவிட எத்தனை தடவை தின்கிறது என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்போ மாவுப்பண்டமோ உள்ளே போகும்போதும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கும். அந்த அமிலம் அடங்கிப் பழைய நிலைக்கு வர அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்தால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே கிடையாது. ஸ்கூல் விட்டதும் கேட்டுக்கு எதிரில் தேன்மிட்டாய், வேனில் சிப்ஸ், வீட்டுக்கு வந்ததும் பால், டியூஷனுக்குப் போகும்போது கையில் பிஸ்கட் பாக்கெட் என்று நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை வாய் ஓயாத பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். மிட்டாயைவிட பிஸ்கட் சாது என்று நினைக்கிறோம். அது மாவாகக் குழைந்து பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. ஆசைப்பட்டதைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே வேளையில் கொடுத்துவிடுங்கள். இடையில் கொய்யா, வெள்ளரி, வேகவைத்த கடலை, சுண்டல் இருக்கட்டும். தாத்தா பாட்டிகளே, நீங்கள் சாயங்காலம் கொடுக்கும் அந்த ஒரு மிட்டாய் உங்கள் பாசம் என்று எனக்குத் தெரியும். அதை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுங்கள், போதும்.

தேய்ப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்தே தேய்க்க வேண்டும். மூன்று வயதுவரை அரிசி அளவு, அதற்குப் பிறகு ஆறு வயதுவரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது விளம்பரத்துக்காகக் காட்டுவது. பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃப்ளூரைடு உள்ள பேஸ்டாகப் பாருங்கள். நம் நாட்டில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) வரை அனுமதி உண்டு, அந்த அளவை ஒட்டி இருப்பதே நல்லது. குழந்தைப் படம் போட்ட பேஸ்டுகள் சிலவற்றில் ஃப்ளூரைடே இருக்காது, அட்டையைத் திருப்பிப் படியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகமாகிப் பல் கறைபடுவதைப் பார்த்த சொந்தக்காரர்கள் உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். அது வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடித்ததால் வருவது. இங்கே பல வீடுகளில் குடிப்பது ஆர்ஓ தண்ணீர், அதில் ஃப்ளூரைடு பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். அரிசி அளவு பேஸ்டில் கொஞ்சம் உள்ளே போனாலும் கவலை வேண்டாம். தேய்த்து முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்துக் கழுவிவிட்டால் பல்லில் இருக்கும் ஃப்ளூரைடும் போய்விடும்.

ஏழெட்டு வயதுவரை நீங்களேதான் தேய்த்துவிட வேண்டும். தன் ஷூ லேஸைத் தானே ஒழுங்காகக் கட்டத் தெரியாத கைக்குக் கடைவாய்ப் பல்லைத் தேய்க்கவும் தெரியாது. காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும் அவசரத்தில் அரைகுறையாக நடந்தால்கூடப் போகட்டும், ராத்திரித் தேய்ப்பை மட்டும் விடாதீர்கள்.

மாதம் ஒரு தடவை இதைச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையின் தலையை மடியில் சாய்த்து, மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் அடையாளம். கறுக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே வந்தால், ஃப்ளூரைடு வார்னிஷ் என்னும் பூச்சைத் தடவி, சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றி அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட முடியும்.

கீழ் முன்பற்கள் விழுவதற்குள் அவற்றுக்குப் பின்னால் இரண்டாவது வரிசை முளைத்துவிட்டது என்று பதறி வருகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் பயப்படும் விஷயம் இல்லை. பால்பல் விழுந்ததும் நாக்கே புதுப்பல்லை முன்னால் தள்ளிவிடும். ஆனால் பல்லுக்கு மேல் ஈறில் சின்னக் கொப்புளம் வந்து சீழ் வடிந்தால், வலி இல்லாவிட்டாலும் வாருங்கள். முகம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டப்பட்டால் காலைவரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீக்கத்தின் மேல் சூடாக ஒத்தடம் கொடுக்காதீர்கள். வலிக்கும் பல்லின் மேல் மாத்திரையைப் பொடித்து வைக்காதீர்கள், ஈறு வெந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். வீக்கம் வற்றும், சொத்தை அங்கேயேதான் இருக்கும்.

விளையாட்டில் விழுந்து நிலையான முன்பல் முழுசாகக் கழன்று வந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தொடவோ தேய்க்கவோ வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் சில நொடி அலசி, முடிந்தால் அதே குழியில் திருப்பி வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் ஆவின் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தால் பல் காய்ந்துவிடும். விழுந்தது பால்பல் என்றால் மட்டும் திருப்பி வைக்கக் கூடாது, அடியில் இருக்கும் பல்லுக்கு அடிபடும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறீர்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை. முத்துசாமி பாலத்துக்குப் பக்கத்தில், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953 முதல் இயங்கி வருகிறது, குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. வேலப்பன்சாவடி, மதுரவாயல், ராமாபுரம், உத்தண்டி பக்கமெல்லாம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் பார்ப்பார்கள், கட்டணம் கிளினிக்கைவிடக் குறைவாக இருக்கும். நேரம் அதிகம் ஆகும், ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரும்போது பல்லையும் பார்ப்பார்கள். சீட்டு எழுதிக் கொடுத்தால் அதைப் புத்தகப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சேட்டை செய்யும் குழந்தையிடம் "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்" என்று மிரட்டாதீர்கள். முதல் தடவை வரும்போதே வலியோடும் பயத்தோடும் வந்தால் அந்தப் பயம் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் போகாது. முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை சும்மா கூட்டி வாருங்கள். நாற்காலியில் ஏறி இறங்கட்டும், என் கண்ணாடியைப் பிடித்து இழுக்கட்டும், இருக்கிற ஒன்றிரண்டு பல்லை எண்ணிவிட்டு அனுப்பி வைக்கிறேன். தூங்கும் நேரத்திலோ பசியிலோ வேண்டாம், காலை டிபன் முடித்துவிட்டு வந்தால் நல்லது. வரும்போது குழந்தையின் பிரஷையும் எடுத்து வாருங்கள், எப்படித் தேய்ப்பது என்று அதிலேயே காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவர்,
பெரம்பூர், சென்னை