இலவச யூனிட் யார் பெயருக்கு? நகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் நடப்பிலுள்ள இலவச அடிப்படை மின்சாரத் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 50 யூனிட் என்கிறது. விளக்கு, சின்ன டிவி, ரேடியோ, கொஞ்சம் இஸ்திரி, கெட்டில் வெந்நீர் என்று கணக்கிட்டு வைத்த அளவு அது. 3 கிலோவாட் கெய்சர் 17 மணி நேரம் ஓடினால் மொத்தமும் காலி. அந்தச் சொற்பமும் உரியவர்களில் பலருக்குக் கிடைப்பதில்லை.

பெரிய முட்டுக்கட்டை பெயர்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் பத்திரமும் மின்கணக்கும் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கும். உள்ளே இருப்பது ஓய்வூதியம் வாங்கும் ஆயாவும் பேரப்பிள்ளைகளும். விண்ணப்பமோ கணக்குதாரரின் கையெழுத்தைக் கேட்கிறது. பெயர் மாற்ற, இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சொத்து 250,000 ராண்டுக்குள் என்றால் எளிய அதிகாரக் கடிதம் போதும். அந்த விலைக்கு இன்று அங்கே வீடு ஏது? தாண்டினால் முழுச் சொத்து நிர்வாகம், வக்கீல் செலவு. 50 யூனிட்டுக்காக யார் அதைச் செய்வார்கள்?

பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். ஒரே மீட்டர், இரண்டு மூன்று அடுப்பு. எல்லோர் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டினால் சலுகைக்கான வருமான வரம்பு தாண்டிவிடுகிறது. படிநிலைக் கட்டணம் உள்ள ஊர்களில் பலர் யூனிட் ஒரே மீட்டரில் சேர்ந்து மேல்படி விலைக்கும் போகிறது.

பதிவானாலும் தொல்லை தீராது. அரசு மின் நிறுவனமான எஸ்காம் நேரடியாக மின்சாரம் தரும் வீடுகளுக்கு நகராட்சிதான் பட்டியல் அனுப்ப வேண்டும். மீட்டர் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் டோக்கன், அதாவது பிரீபெய்டு மீட்டரில் தட்ட வேண்டிய எண், வராது. மாதத்துக்குள் கேட்டு வாங்காத டோக்கன் அடுத்த மாதத்துக்குச் சேராது. 2024 நவம்பர் 24-க்குள் இரண்டு 20 இலக்கக் குறியீடுகளைத் தட்டிப் புதுப்பிக்காத பிரீபெய்டு மீட்டர், இலவச டோக்கனையும் ஏற்காது.

நாங்கள் கேட்பது இவை. கணக்குதாரர் இறந்திருந்தால், மரணச் சான்றிதழும் குடியிருப்பவரின் சத்தியக் கடிதமும் போதும் என்று விதி செய்யுங்கள். சத்தியக் கடிதத்துக்குக் காவல் நிலையத்தில் காசு கேட்பதில்லை. முதியோர் உதவித்தொகை வருமானம் பார்த்துத்தான் தரப்படுகிறது; ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொண்டு உதவித்தொகை தரும் சாஸா நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள், மூன்று மாத வங்கிக் கணக்கு எதற்கு? பின்கட்டுக் குடும்பத்தைத் தனிக் குடும்பமாக எண்ணுங்கள். மாதத்தின் முதல் டோக்கன் வாங்கும்போதே இலவச யூனிட்டும் தானாக வரட்டும்.

இதற்கான மானியம் தேசிய வருவாய்ப் பங்கீட்டில் நிபந்தனையின்றி உங்களுக்கு வருகிறது. எத்தனை வீட்டுக்குப் பணம் வந்தது, எத்தனை வீட்டுக்கு இலவச யூனிட் போனது என்ற இரண்டு எண்களையும் மாதாமாதம் வார்டு வாரியாக ஒட்டிவையுங்கள்.