முதல் கீமோவுக்கு முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விரைப் புற்றுநோய் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூச்சத்தால் யாரும் வாய் திறக்காத ஒரு நோய்க்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. 15 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது, வலியில்லாத கட்டிதான் பெரும்பாலும் முதல் அறிகுறி, ஒரு விரையை எடுத்துவிட்டாலும் ஆண்மை போய்விடாது என்றெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பிற்காலத்தில் குழந்தை பெற முடியுமா என்ற கேள்விக்கு மட்டும், 'பெரும்பாலானோருக்குப் பிரச்சினை இல்லை' என்று ஒரே வரி. அந்த வரி பொய்யில்லை. அந்தப் 'பெரும்பாலானோரில்' சேராதவர்களை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் விந்தணுப் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிகிறவள். விந்தணுவை எண்ணுவதும், உறைய வைத்துப் பாதுகாப்பதும் என் அன்றாட வேலை. திருமணமாகிக் குழந்தைக்காகக் காத்திருந்து, டெஸ்ட் எடுக்க வரும் ஆண்களில் சிலர், படிவத்தில் 'முன்பு எடுத்த சிகிச்சைகள்' என்ற இடத்தில் கீமோ என்று எழுதுவார்கள். சாம்பிளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, அடியில் தங்கியதை எடுத்து மறுபடி மூலை மூலையாகத் தேடுவோம். சிலருக்கு அப்போதும் வெறும் திரவம்தான். ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்வார். ஆனால் வெளியே வரும்போது ஒருவர் என்னிடம் கேட்டார்: "சிகிச்சை ஆரம்பிக்கும்போதே எடுத்து வைக்க முடியும்னு அன்னைக்கு ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே மேடம்?" கல்லூரியில் படித்தபோது அவருக்குச் சிகிச்சை நடந்ததாம். கீமோவால் முடி கொட்டும், வாந்தி வரும் என்று அத்தனையும் சொன்னவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைக் குறிவைத்து அழிக்கும். விந்தணு உற்பத்தியும் ஓயாமல் பெருகும் செல்களால் நடப்பதுதான். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் எண்ணிக்கை சரிந்து, பலருக்குப் பூஜ்யத்தைத் தொடும். விந்தணுவை உருவாக்கும் மூலச் செல்கள் தப்பித்தால் உற்பத்தி திரும்பி வரும். சிலருக்கு இரண்டு வருடம், சிலருக்கு ஐந்து வருடம், சிலருக்கு வரவே வராது. மருந்தின் மொத்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

அதற்காக அந்த மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். 1970-களுக்கு முன்பு உடலில் பரவிவிட்ட விரைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் மிகக் குறைவு. 1974-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு நிலைமையே மாறியது. இன்று நல்ல சிகிச்சை கிடைத்தால், இந்த நோய் வந்த எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும்போது, 100 பேரில் ஏறக்குறைய 95 பேர் பிழைக்கிறார்கள். பிழைத்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் இவர்கள். அதனால்தான் குழந்தை பற்றிய பேச்சு சிகிச்சையின் முதல் நாளிலேயே வர வேண்டும் என்கிறேன்.

விந்தணுவை எடுத்துச் சேமிக்க, கீமோவுக்கு முன் என்பதைவிட, ஆபரேஷனுக்கு முன் என்பது இன்னும் நல்லது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிகிச்சைக்கு முன்பே விந்தணு எண்ணிக்கை குறைவாக இருக்கிறது. குழந்தையில்லை என்று பரிசோதிக்க வந்த இடத்தில், ஸ்கேனில் கட்டி தெரியவரும் ஆண்களும் உண்டு. சிறுவயதில் விரை கீழிறங்காமல் இருந்தவர்களுக்கு மறுபக்க விரையும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்படிப்பட்டவருக்குக் கட்டியுள்ள விரையை எடுத்தால், இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும். சாம்பிளில் விந்தணுவே இல்லாவிட்டாலும், வெளியே எடுத்த விரையின் திசுவிலிருந்து தேடி எடுத்து உறைய வைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அறுவை மருத்துவரும் எங்களைப் போன்ற ஆய்வகத்தினரும் முன்பே பேசி வைத்திருந்தால்தான் அது நடக்கும். வயிற்றின் பின்புற நிணநீர் முடிச்சுகளை எடுக்கும் ஆபரேஷன் செய்வதாக இருந்தால், விந்து வெளியேறுவதற்கான நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

செய்முறையில் பயப்பட எதுவுமில்லை. தனி அறையில் சாம்பிள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அது நீர்த்து வர அரை மணி நேரம் விட்டு எண்ணிப் பார்ப்போம். கிளிசரால் கலந்த பாதுகாப்புத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சிறு குப்பிகளில் நிரப்பி, பெயரையும் எண்ணையும் இரண்டு பேர் சரிபார்த்த பிறகு, முதலில் நைட்ரஜன் ஆவியில் பிடித்து, அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குவோம். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு இன்னொரு சாம்பிள் கிடைத்தால் நல்லது. நாளைக்கே கீமோ என்றால் இன்று கிடைப்பது ஒன்றே போதும். எண்ணிக்கை குறைவு, அசைவு மந்தம் என்று யாரும் திரும்பிப் போக வேண்டாம். ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தும் 'இக்சி' முறையில் 1992-லிருந்தே குழந்தைகள் பிறக்கிறார்கள். 17 வயதில் இதே நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவரின் விந்தணு, 21 வருடம் உறைநிலையில் இருந்த பிறகு ஆரோக்கியமான குழந்தையானது. 2004-இல் வெளியான மருத்துவ அறிக்கை அது.

அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கைப் பலருக்குத் தெரியும். அவரது ஊக்கமருந்து விவகாரம் வேறு கதை. 1996-இல் 25 வயதில் நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நிலையிலும், கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமித்தார். அவருடைய முதல் மூன்று குழந்தைகள் அதிலிருந்து வந்தவர்கள். பல வருடம் கழித்து இயற்கையாகவும் அவருக்குக் குழந்தை பிறந்தது. அந்த வாய்ப்பும் இருப்பதால்தான், கீமோவால் பாதிக்கப்பட்ட விந்தணுவால் கரு உருவாகிவிடக் கூடாது என்று, கீமோ முடிந்து குறைந்தது ஒரு வருடமாவது கர்ப்பத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

இதில் பெரிய தடை கூச்சம்தான். பதின்வயதுப் பையன் அம்மா அப்பாவோடு உட்கார்ந்திருப்பான். டாக்டர் இந்தப் பேச்சை எடுத்ததும் தலை குனிந்துவிடுவான். "முதல்ல உயிர் பிழைக்கட்டும் டாக்டர், இதெல்லாம் அப்புறம்" என்று அம்மா சொல்வார். அந்தத் தாயின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் 'அப்புறம்' கிடையாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் முடியும் வேலை இது. உயிர் காக்கும் சிகிச்சை இதனால் தள்ளிப்போக வேண்டியதில்லை. பெற்றோரை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசும் டாக்டர்களிடம் இதே பையன்கள் நன்றாகவே பேசுகிறார்கள். சில சமயம் என்னிடமே, "இதை எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் பையன், நோய்க்குப் பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டான் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு கடினமான கேள்வியும் உண்டு. நீங்கள் இறந்துவிட்டால் இந்தக் குப்பிகளை என்ன செய்வது? 19 வயதுப் பிள்ளை அதற்குப் பதில் எழுத வேண்டும். ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும் நேரத்தில் அந்தத் தாளை நீட்டாமல், முந்தின நாளே கொடுத்துப் பொறுமையாகப் படிக்க விடுங்கள்.

இதைப் படிக்கும் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டி என்று சந்தேகம் வந்ததும் ஸ்கேனும், இந்தப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனைகளும் எழுதுகிறீர்கள். அதே சீட்டில் விந்தணுப் பரிசோதனையையும் சேமிப்பையும் எழுதுங்கள். சீட்டில் இருந்தால் பையனும் கூச்சமில்லாமல் நீட்டுவான், நாங்களும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் அவர்கள் அடுத்த முறை இந்த நோயைப் பற்றி வெளியிடும்போது, அறிகுறிகளுக்குக் கட்டம் கட்டியதைப் போல இதற்கும் ஒரு கட்டம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விந்தணு ஆய்வகப் பணியாளர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)