நான்கு திரை முறையில் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யாதது குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் மென்பொருளுக்கு ஓராண்டு உரிமம் வாங்கிய வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். புரத மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவங்களைப் பெரிதாக்கிப் பார்த்து ஆராய்வது என் வேலை. நான்கு 4கே திரைகளிலும் ஒரே விண்டோவை விரித்து, ஹார்டுவேர் ரெண்டரிங்கோடு (அதாவது படத்தைக் கிராபிக்ஸ் கார்டே வரையும்படி) ஓட்டலாம் என்று உங்கள் விளக்கக் குறிப்பில் இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் உரிமம் வாங்கினேன். அந்த வரி என் கணினியில் பொய்த்துவிட்டது.

லினக்ஸ் கணினி. இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள், கார்டுக்கு இரண்டு திரைகள். ஒரே திரையில் திறந்தால் மூலக்கூறு மவுஸோடு சேர்ந்தே சுழல்கிறது, குறையே இல்லை. நான்கு திரை முறைக்கு மாற்றியதும் மவுஸ் அம்பு எங்கோ போய்விட, படம் விட்டுவிட்டுக் குதித்துப் பின்னால் வருகிறது. கணினியின் மையச் செயலியான சிபியு முழுவதும் 100 சதவீதத்தில் திணறுகிறது. பக்கத்திலேயே இரண்டு கார்டுகளும் விசிறிச் சத்தம்கூட இல்லாமல் சும்மா கிடக்கின்றன. மென்பொருளின் பதிவுக் கோப்பைத் திறந்தேன். படத்தை வரைவது எது என்று காட்டும் ரெண்டரர் என்ற வரியில் கார்டின் பெயருக்குப் பதிலாக 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. அது லினக்ஸில் பயன்படும் மெசா என்ற கிராபிக்ஸ் நிரல் தொகுப்பின் மென்பொருள் ரெண்டரர். படம் வரையும் வேலை மொத்தத்தையும் சிபியுவின் தலையில் கட்டுவது. நான்கு 4கே (3840×2160) திரைகள் என்றால் 3,31,77,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை வரைய வேண்டுமானால் ஏறத்தாழ 199 கோடி. எந்த சிபியு தாங்கும்?

வேகம் குறைந்ததைவிட, அதைச் சொல்லாமல் விட்டதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கார்டை விட்டு சிபியுவுக்கு மாறும்போது திரையில் ஒரு எச்சரிக்கை வந்திருந்தால், என் கார்டுகளையே சந்தேகித்துக் கழற்றி மாட்டிக்கொண்டு இரண்டு வாரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

உங்கள் உதவிக் குழுவுக்கு மூன்று முறை எழுதினேன். முதலில் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், செய்தேன். அடுத்து மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னார்கள், அதையும் செய்தேன். மூன்றாவது பதில், எல்லாத் திரைகளையும் 1920×1080-க்குக் குறைக்கச் சொன்னது. அப்படிக் குறைத்தால் நான்கு திரைகளின் புள்ளிகளையும் கூட்டினாலும் ஒரே ஒரு 4கே திரை அளவுதான் வரும். பிறகு நான்கு திரைகள் எதற்கு?

பழுது என் பக்கம் இல்லை என்பதையும் சோதித்துவிட்டேன். திரைக்கு ஒன்றாக நான்கு தனி விண்டோக்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் அந்தந்தக் கார்டிலேயே ஓட்டினால் நான்கும் தங்குதடையின்றி ஓடுகின்றன. ஆனால் ஒன்றைச் சுழற்றினால் மற்ற மூன்றும் அசைவதில்லை. மூலக்கூறைப் பார்க்கும் கேமரா கோணத்தை நான்குக்கும் பொதுவாக்கி, காட்சியில் தன் பங்கை மட்டும் ஒவ்வொரு கார்டும் வரையும்படி செய்தால் போதும். பல திரைகளைச் சேர்த்து அமைக்கும் பெரிய காட்சிச் சுவர்கள் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன.

விண்டோ இரண்டு கார்டுகளில் பரவும்போது ஹார்டுவேர் ரெண்டரிங் உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் தாருங்கள். உண்டு என்றால் அதற்கான அமைப்பு முறையை அனுப்புங்கள். இல்லை என்றால் விளக்கக் குறிப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, உரிமத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள். எந்த முடிவானாலும், மென்பொருள் ரெண்டரிங்குக்கு மாறும்போது திரையில் எச்சரிக்கை காட்ட ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டு முறைகளிலும் எடுத்த பதிவுக் கோப்புகளை இணைத்திருக்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற வாடிக்கையாளர்