படுக்கையருகே இருப்பவருக்கும் ஓய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் நலன் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பிள்ளைகளால் கைவிடப்பட்டுப் பேருந்து நிலையத்தில் கிடந்த முதியவரைப் பற்றியோ, எண்பது வயதிலும் வயலில் இறங்கி வேலை செய்யும் பாட்டியைப் பற்றியோ அவ்வப்போது செய்தி வருகிறது. சொந்த வீட்டிலேயே, உறவினர் கையால் பராமரிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. அவர்களைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டி, துடைத்து, இரவிலும் எழுந்து புரட்டிப் படுக்கவைக்கும் மனைவியையும் மருமகளையும் மகளையும் பற்றி எழுதுவோர் அதனினும் குறைவு. தஞ்சாவூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாடு முதுமை அடைந்துவரும் மாநிலம். 2011 கணக்கெடுப்பின்படி நம் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, 2021-க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நாம் இருக்கிறோம். குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னோடி என்று பெயரெடுத்த மாநிலத்தில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளும் சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ பிழைப்புத் தேடிப் போய்விட்ட நிலையில், டெல்டா கிராமங்களில் பக்கவாதம் வந்த எழுபத்தைந்து வயதுக் கணவரை, மூட்டுவலியும் சர்க்கரையும் உள்ள எழுபது வயது மனைவி ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வது இன்று சாதாரணக் காட்சி. இந்த வீட்டில் முதியவர் யார், பராமரிப்பவர் யார் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. ஆனால் அரசின் பதிவேடுகள் அப்படித்தான் பிரிக்கின்றன. கணவர் பயனாளி. மனைவி, கதவைத் திறந்துவிடுபவர்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புப் பராமரிப்பும் அதில் அடக்கம். முதியோர் மருத்துவத்தில் இந்தியாவிலேயே முதன்முதலாக 1996-ல் பட்டமேற்படிப்பு தொடங்கப்பட்டது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். 2024 முதல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை இயங்குகிறது. தாயுமானவர் திட்டத்தில் 2025 ஆகஸ்ட் முதல் முதியோர் வீட்டுக்கே ரேஷன் பொருள்கள் வருகின்றன. இவை அனைத்தையும் மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் இவற்றில் எதுவும், பராமரிப்பவரை இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கவைக்கும் ஏற்பாடு அல்ல.

அந்தத் தூக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அசைய முடியாத நோயாளிக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகிறோம். சொல்வது எளிது. அதன் பொருள், இரவு பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று அந்த வீட்டில் ஒருவர் எழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது. மறதி நோய் உள்ளவர் என்றால் நிலைமை வேறு விதம்: பகலில் உறங்கி, இரவில் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே நடக்கத் தொடங்குவார், "என் வீட்டுக்குப் போக வேண்டும்" என்று சொந்த வீட்டில் நின்றுகொண்டே அழுவார். நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகிறது. ஊரில் இதை இன்னமும் 'வயசாயிடுச்சு, புத்தி பெரண்டுடுச்சு' என்றே சொல்வதால், மருத்துவரிடம் போவோர் சிலரே.

இப்படி ஓராண்டு, ஈராண்டு போன பிறகு பராமரிப்பவரின் உடம்பு என்ன ஆகும்? நான் போய்வந்த வீடுகளில், நோயாளியின் இரத்த அழுத்தத்தை அளந்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலும் கருவியைச் சுற்றிப் பார்த்தால், அதிக அளவைக் காட்டியது பல நேரம் அந்தப் பெண்ணின் கைதான். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், அவரை விட்டுவிட்டு எங்கே போவது என்ற பதில் வரும். இடுப்புவலி, பசியின்மை, காரணமில்லாத கோபம், பிறகு அந்தக் கோபத்தை நினைத்து அழுகை ஆகியவை அவர்களுக்கு ஒரு புகாராகவே தோன்றுவதில்லை. நூறு நாள் வேலைக்குக்கூடப் போக முடியாமல் கூலியை இழக்கும் மருமகளின் கணக்கை யாரும் எழுதிவைப்பதும் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ளவர்களில் வீட்டாரைப் பராமரிக்கும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 140 நிமிடங்களும் ஆண்கள் 74 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். இது குழந்தைப் பராமரிப்பையும் சேர்த்த கணக்கு. அறுபதைக் கடந்த மனைவிமார் இந்த வயது வரம்புக்குள்ளேயே வரமாட்டார்கள்.

சட்டத்தின் பார்வையும் இவர்கள்மேல் விழவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. பராமரிப்புத் தொகை கேட்டு முதியவர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க ஆணையிட முடியும். முதியவரைக் கைவிட்டுச் செல்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தேவையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கைவிடுபவரைத் தண்டிக்கத் தெரிந்த அந்தச் சட்டத்தில், கைவிடாமல் பத்து ஆண்டு தாங்கிப் பிடித்தவருக்கு என்ன துணை என்பதற்கு ஒரு பிரிவும் இல்லை. குழந்தை வளர்ப்புக்காக மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. படுத்துவிட்ட தாயைப் பார்க்க அப்படியொரு தனி விடுப்பு இல்லை, இருக்கிற விடுப்பைத்தான் கரைக்க வேண்டும்.

நான் முதன்மையாகக் கேட்பது தற்காலிகத் தங்கல் வசதி. முதியவரை ஆண்டில் சில நாள்கள், ஒரு வாரமோ பத்து நாளோ, செவிலியர் மேற்பார்வையில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ள வட்டத்துக்கு ஓரிடமாவது வேண்டும். மகள் பிரசவத்துக்குப் போகவும், தன் கண்புரை அறுவையை முடித்துக்கொள்ளவும், ஒன்றும் இல்லையென்றால் வெறுமனே தூங்கவும் பராமரிப்பவருக்கு அந்த நாள்கள் வேண்டும். இதற்காகப் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வட்ட மருத்துவமனைகள் சிலவற்றில் நான்கைந்து படுக்கைகளை இதற்கென்று ஒதுக்கலாம். மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்றாக, 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை அமைக்க அதே 2007 சட்டம் வழிசெய்கிறது. அந்த இல்லங்களில் குறுகிய காலத் தங்கலுக்கும் இடம் வைக்கலாம். 'பெற்றவரை இல்லத்தில் விட்டுவிட்டாள்' என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியே பலர் தயங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மருத்துவமனை வளாகத்துக்குள் இருந்தால் அந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 25 'அன்புச்சோலை' பகல்நேர மையங்கள் நல்ல தொடக்கம். ஆயினும் பகல்நேர மையம் என்பது எழுந்து நடந்து வரக்கூடியவருக்கே பெரிதும் பயன்படும். சக்கர நாற்காலியை ஏற்றிவரும் வண்டியும், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல ஆளும் இல்லையென்றால், மிகவும் தேவைப்படும் குடும்பங்கள் வெளியேதான் நிற்கும். பெருநகரங்களைத் தாண்டி, கும்பகோணம், பட்டுக்கோட்டை போன்ற ஊர்களுக்கு இவை எப்போது வரும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

அண்டை மாநிலம் என்ன செய்கிறது என்று பார்த்தால் நமக்கு வழி தெரியும். 1993-ல் கோழிக்கோட்டில் சிறிய அளவில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களால் கேரளம் முழுவதும் பரவி, 2008-ல் அரசுக் கொள்கையாகவே ஆயிற்று. இன்று அங்கே உள்ளாட்சி அமைப்பின் செவிலியர் படுக்கையிலிருப்பவரின் வீட்டுக்கே போகிறார். 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தில், முழுநேரமும் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. தொகை சொற்பம், அதுவும் நிலுவையில் நிற்பதாக அங்கே புகார்கள் எழுகின்றன. இருந்தும் பராமரிப்பு ஓர் உழைப்பு என்று அரசாங்கம் ஏட்டில் ஒப்புக்கொண்ட செயல் அது. நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலம் ஒன்றே பல நூறு ரூபாய் ஆகும்போது, அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிதாகச் செலவில்லாமல் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுப்பது, சிறுநீர்க்குழாயைச் சுத்தமாக வைத்திருப்பது, தன் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் நோயாளியைத் தூக்குவது ஆகியவற்றை, வீட்டுக்கு அனுப்பும் நாளன்று வாசலில் நின்று வேகமாக ஒப்பித்துவிடாமல், இரண்டு நாள் முன்பிருந்தே செவிலியர் அருகில் நின்று செய்யவைத்துப் பழக்கலாம். வீடு தேடி வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரின் பதிவேட்டில் பராமரிப்பவருக்கு என்று ஒரு வரி சேர்த்து, அவருடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறிக்கலாம். கூடுதல் வேலையைத் தன்னார்வலர்மேல் ஏற்றும்போது அவருடைய ஊக்கத்தொகையையும் கூட்ட வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களும் பெரும்பாலும் வீட்டில் ஒரு முதியவரை விட்டுவிட்டு வருபவர்கள்தாம். முதியோர் உதவி எண் 14567-ஐப் பராமரிப்பவரும் அழைத்து வழிகாட்டுதல் கேட்கலாம் என்பதை ஆரம்ப சுகாதார நிலையங்களில் எழுதிவைத்தால் நல்லது.

தங்கள் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முதியோர் மையம் திறக்கப்படும்போது, திறந்துவைத்தவர் யார் என்பதோடு, எழுந்து நடக்க முடியாதவரை அங்கே அழைத்துவர வண்டி உண்டா, இரவில் தங்கவைக்க இடம் உண்டா என்ற இரண்டையும் அதிகாரிகளிடம் கேட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.